பெயரின் எந்தத் துண்டு யாருடையது?

சென்னையில் வளர்ந்த மூன்று சதுரங்க வீரர்களை எடுத்துக்கொள்வோம். விஸ்வநாதன் ஆனந்த், ரமேஷ்பாபு பிரக்ஞானந்தா, தொம்மராஜு குகேஷ். பார்வைக்கு மூன்று பெயரும் ஒரே அச்சு: இரண்டு சொல், ஆளின் பெயர் பின்னால். ஆனால் முதல் இரண்டில் முன்னால் நிற்பது அப்பா. மூன்றாவதில் முன்னால் நிற்பது வீட்டுப் பெயர், தெலுங்கில் 'இண்டிபேரு'. குகேஷின் அப்பா பெயர் ரஜினிகாந்த். 'டி. குகேஷ்' என்பதில் உள்ள 'டி'க்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது அவருக்கும் மேலிருந்து வருவது, குகேஷின் பிள்ளைகளுக்கும் போகக்கூடியது. 'ஆர். பிரக்ஞானந்தா'வின் 'ஆர்' அப்படிப் போகாது. வழக்கப்படி அவர் பிள்ளைக்கு இனிஷியல் 'பி'.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஆனந்தைச் செல்லமாக 'விஷி' என்று எழுதி எழுதி அதுவே நிலைத்துவிட்டது. செல்லம் சரிதான், ஆனால் அது அவர் அப்பா பெயரின் சுருக்கம்.

இன்னும் வேடிக்கை நோபல் பட்டியலில் இருக்கிறது. 1983-இல் இயற்பியலுக்குப் பரிசு பெற்றவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 2009-இல் வேதியியலுக்குப் பெற்றவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். முதலாமவர் இனிஷியலை அதன் இடத்திலேயே விரித்தார்: முன்னால் அப்பா, பின்னால் தான். இரண்டாமவர் பெயரில் முன்னால் தான், பின்னால் அப்பா. அதனால் 'சந்திரசேகர் எல்லை' என்று வானியலில் படிக்கும்போது அந்த மனிதரின் சொந்தப் பெயரைச் சொல்கிறோம். 'ராமகிருஷ்ணன் ஆய்வகம்' என்று யாராவது சொன்னால் அவர் அப்பாவின் பெயரைச் சொல்கிறார்கள். சந்திரசேகரின் சித்தப்பா சி.வி. ராமன் கதை வேறு. 'சி' என்பது அப்பா சந்திரசேகர ஐயர். 'வி' யாருமில்லை; வெங்கடராமன் என்ற ஒரே பெயர் இரண்டாகப் பிளந்து முன்பாதி இனிஷியல் ஆகிவிட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமியில் 'எம்' மதுரை, 'எஸ்' அம்மா சண்முகவடிவு.

ஆகவே ஒரு பெயரைப் பார்த்ததும் 'இதில் சர்நேம் எது?' என்று கேட்பது பாதி உலகத்துக்குத் தப்பான கேள்வி. ஒவ்வொரு துண்டும் யாருடையது, அது அடுத்த தலைமுறைக்குப் போகுமா போகாதா என்றுதான் கேட்க வேண்டும்.

உறைந்ததும் உறையாததும்

ஐரோப்பியக் குடும்பப் பெயர்களை ஆராய்பவர்கள் பெரும்பாலும் நான்கு கூடைகளில் போடுவார்கள்: அப்பா பெயர், ஊர், தொழில், பட்டப்பெயர். ஜான்சன் என்றால் ஜானின் மகன். தாட்சர் என்றால் கூரை வேய்பவர். ஜெர்மன் மொழியில் ஷூமாக்கர் செருப்புத் தைப்பவர். இத்தாலியில் ஃபெராரி கொல்லர் குடும்பம். செருப்புத் தைப்பவர் கொல்லர் வீட்டு வண்டியை ஓட்டி ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார் என்று ஃபார்முலா ஒன் ரசிகர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த நான்கு கூடையும் நம்மிடம் இல்லையா? சங்கப் புலவர் பட்டியலைத் திறந்தால் போதும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், அப்பா, 'மகனார்' என்ற உறவுச் சொல், அப்புறம் ஆள். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்: ஊர், ஊருக்குள் சேரி, உடலில் ஒரு குறி, பெயர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்: ஊர், தானிய வியாபாரம், இன்னொரு ஊர், பெயர். கிட்டத்தட்ட முழு முகவரி.

வேறுபாடு ஒன்றே. சாத்தனாரின் பேரன் தறி நெய்யப் போயிருந்தால் அவனைக் கூலவாணிகன் என்று யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். தாட்சர் வீட்டிலோ கூரை வேய்வதை விட்டுப் பல தலைமுறை ஆகியும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. குஜராத்தியில் 'காந்தி' என்றால் மளிகை, வாசனைச் சரக்கு விற்பவர். கூலவாணிகனுக்குப் பக்கத்துக் கடை என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே அது உறைந்து குடும்பப் பெயரானது, இங்கே உறையவில்லை. அவ்வளவுதான் சர்நேம்: ஒரு காலத்தில் உண்மையாக இருந்த விவரணை, பிற்பாடு உறைந்துபோனது.

ஆந்தை என்றால் பறவை அல்ல

பிசிராந்தையார் என்ற பெயரைப் பள்ளியில் கேட்டதும் ஆந்தை நினைவுக்கு வராத பிள்ளை இல்லை. பிசிர் என்பது பாண்டிய நாட்டு ஊர். ஆந்தை என்பது ஆதன் + தந்தை, அதாவது ஆதனின் அப்பா. இந்தப் புணர்ச்சிக்குத் தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் தனி விதியே இருக்கிறது. ஆதன், பூதன் என்ற இரண்டு பெயரும் 'தந்தை'யோடு சேரும்போது வழக்கத்தைவிட அதிகமாகத் தேய்ந்து ஆந்தை, பூந்தை ஆகும். மற்றவை அவ்வளவு தேயாது: சாத்தன் + தந்தை = சாத்தந்தை, கொற்றன் + தந்தை = கொற்றந்தை.

பிள்ளையின் பெயரால் அப்பாவைக் குறிப்பது இது. அரபியில் இதற்கு 'குன்யா' என்று பெயர். அபூ என்றால் அப்பா, உம்மு என்றால் அம்மா. 'அபூ தாலிப்' தாலிபின் அப்பா. 'ஆந்தை' ஆதனின் அப்பா. இலக்கணத்தில் தனி நூற்பா எழுதும் அளவுக்கு இது நம்மிடம் சாதாரணமாக இருந்திருக்கிறது என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை. பெயர் சொல்லாமல் 'நம்ம குமார் அப்பா' என்று கூப்பிடும் தெருக்களில் அது இன்றும் இருக்கிறது.

எதிர்த்திசையில், அப்பா பெயரை மகனுக்குச் சேர்க்கவும் அங்கேயே விதி உண்டு. 'அன்' போய் 'அம்' வரும். அந்த ம் அடுத்த எழுத்துக்கு ஏற்பத் திரியும். சாத்தன் மகன் கொற்றன் என்றால் சாத்தங்கொற்றன். அப்பாவும் மகனும் கொற்றனாகவே இருந்தால் கொற்றங்கொற்றன். இரண்டு வார்த்தையை அருகருகே வைப்பதல்ல இது. அப்பா பெயர் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறி மகன் பெயருக்குள் போகிறது.

இதையே இன்று உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் ஐஸ்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே அப்பா பெயர் ஆறாம் வேற்றுமைக்கு மாறி, ஆணுக்கு 'சொன்', பெண்ணுக்கு 'தோத்திர்' சேரும். யோன் என்பவரின் மகன் யோன்ஸ் + சொன் = யோன்ஸ்சொன். நடுவில் இரண்டு 'ஸ்' வருவது இதனால்தான். ஒன்று வேற்றுமை உருபு, இன்னொன்று 'சொன்'னின் முதல் எழுத்து. ஆங்கில வழக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டு எழுதினால் ஆவணத்தில் வேறு ஆள் ஆகிவிடும். 1980-இல் அங்கே அதிபராகத் தேர்வான விக்தீஸ் ஃபின்போகாதோத்திர், ஃபின்போகி என்பவரின் மகள். 'கி' 'கா' ஆனது கவனிக்க வேண்டியது. கொற்றன் கொற்றங் ஆவது போன்ற வேலைதான் அது. அவரை 'திருமதி ஃபின்போகாதோத்திர்' என்று கூப்பிட்டால் 'திருமதி ஃபின்போகியின் மகளே' என்பது போல் இருக்கும். அதிபராக இருந்தாலும் 'விக்தீஸ்' என்பதுதான் அங்கே மரியாதை. அச்சில் வந்த தொலைபேசிப் புத்தகத்திலும் ஆளின் பெயர்தான் அகரவரிசையில் இருந்தது.

ஐஸ்லாந்து உறையாமல் இருந்தது தானாக நடந்ததல்ல. டென்மார்க் ஆட்சித் தொடர்பால் குடும்பப் பெயர் வைப்பது அங்கும் நாகரிகமாகத் தொடங்கியது. 1925-இல் புதிதாகக் குடும்பப் பெயர் சூடுவதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

தமிழ்நாட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான், காரணம் வேறு. நம்மிடம் உறைந்து குடும்பப் பெயராகத் தயாராக நின்றவை சாதிப் பட்டங்கள். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு அவற்றைப் பெயருக்குப் பின்னால் போடுவதைக் கைவிடச் சொன்னது. அடுத்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஊர்ப்பக்கத்துச் சுவரொட்டி தவிரப் பொதுவெளியில் அது பெரும்பாலும் மறைந்தது. நல்ல காரியம். ஆனால் அதன் பக்கவிளைவாகத்தான் இன்று இணையப் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தின் முன்னால் நாம் முழிக்கிறோம். அந்தக் கட்டத்தில் போடுவதற்கென்று இருந்ததை நாமே தூக்கிப் போட்டுவிட்டோம்.

அரசாங்கம் பெயர் வைத்த கதைகள்

குடும்பப் பெயர் உறைவதற்கு வரி வசூலும் படைக்கு ஆள் எடுப்பதும்தான் பெரும்பாலும் காரணம். சில இடங்களில் இது ஒரே நாளில் நடந்தது.

பிலிப்பைன்ஸில் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா 1849 நவம்பர் 21 அன்று ஆணை போட்டார். அதுவரை மக்கள் ஞானஸ்நானத்தில் புனிதர் பெயர்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கே வெவ்வேறு பெயர், கணக்கெடுக்க முடியவில்லை. அகரவரிசையில் பெயர்ப் பட்டியல் ஒன்று அச்சிட்டு, அதிலிருந்து ஊர் ஊராகப் பெயர்களைப் பங்கிட்டார்கள். அதனால்தான் சில ஊர்களில் பழைய குடும்பங்களின் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஒரு பிலிப்பைன்ஸ்காரர் பெயர் ஸ்பானியமாக இருப்பதை வைத்து அவருக்கு ஸ்பானிய முன்னோர் இருந்ததாக முடிவு கட்டக் கூடாது.

துருக்கி 1934-இல் குடும்பப் பெயர்ச் சட்டம் இயற்றியது. முஸ்தஃபா கெமாலுக்கு நாடாளுமன்றமே 'அத்தாதுர்க்' என்ற பெயரைச் சட்டம் போட்டு வழங்கியது. துருக்கியரின் தந்தை என்று பொருள். அன்றைய பிரதமர் இஸ்மெத் பாஷா, தான் வென்ற போர்க்களத்தின் பெயரையே எடுத்து இஸ்மெத் இனோனு ஆனார். ஜப்பானில் சாதாரண மக்களும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றானது 1875-இல். அங்கே நிலத்தைப் பார்த்து வந்த பெயர்கள் ஏராளம்: தனாகா 'வயல் நடுவே', யமமோத்தோ 'மலையடி', நகமுரா 'நடு ஊர்'.

நம் கரையிலும் இதன் ஒரு வடிவம் உண்டு. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவியபோது போர்த்துகீசியப் பெயர்கள் வந்தன. பர்னாந்து, மச்சாது, கொரைரா, ரோட்ரிகோ, கோமஸ் எல்லாம் தூத்துக்குடியில் இன்றும் குடும்பப் பெயர்களாகவே இருக்கின்றன. மச்சாது என்பது போர்த்துகீசியத்தில் கோடரி. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் பெரேரா என்பது பேரிக்காய் மரம், சில்வா என்பது காடு. தமிழில் சர்நேம் இல்லை என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் கரையை மறந்துவிடுகிறார்கள்.

கடைசிச் சொல்லை நம்பாதே

ஸ்பானியப் பெயரில் இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். முதலில் அப்பாவுடையது, பின்னால் அம்மாவுடையது. கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் என்பவரின் அப்பா கார்சியா, அம்மா மார்க்கேஸ். நம் சிற்றிதழ்கள் அவரை வெறும் 'மார்க்கேஸ்' ஆக்கி, அம்மா வழிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டன. ஸ்பானிய நூலகத்தில் அவரைக் கார்சியா வரிசையில்தான் தேட வேண்டும். ஆனால் முதல் பெயர் ஊரெல்லாம் இருக்கும் பெயராக இருந்தால் அவர்களே இரண்டாவதைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. பாப்லோ ரூயிஸ் பிக்காசோ அப்படித்தான் அம்மா பெயரால் பிக்காசோ ஆனார்.

போர்த்துகீசியத்தில் வரிசை தலைகீழ்: அம்மா முன்னால், அப்பா கடைசியில். கிறிஸ்டியானோ ரொனால்டோ டோஸ் சாந்தோஸ் அவெய்ரோ என்பதில் சாந்தோஸ் அம்மா வீடு, அவெய்ரோ அப்பா வீடு. சட்டையின் முதுகில் இருக்கும் ரொனால்டோ குடும்பப் பெயரே அல்ல, இரண்டாவது இயற்பெயர்.

எத்தியோப்பியாவில் நம்மைப் போலவே குடும்பப் பெயர் இல்லை. தன் பெயர், அப்பா பெயர், தேவைப்பட்டால் தாத்தா பெயர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் மாரத்தான் ஓடி வென்ற அபெபே பிகிலாவை உலகம் பிகிலா என்றது, ஓடியவர் அபெபே.

பர்மியப் பெயரில் அப்பா பெயர்கூடக் கட்டாயமில்லை. ஐ.நா. பொதுச் செயலராக இருந்த ஊ தாண்ட் பெயரில் 'ஊ' என்பது 'ஐயா' போன்ற மரியாதைச் சொல். புள்ளி வைத்து இனிஷியல் போல எழுதுவது தவறு. அவர் பெயர் தாண்ட், அவ்வளவுதான். சொந்த நாட்டில் அவரைப் பிற தாண்ட்களிலிருந்து பிரித்துச் சொல்ல ஊரைச் சேர்த்து 'பந்தனாவ் ஊ தாண்ட்' என்பார்கள். ஆங் சான் சூ சி என்பதில் ஆங் சான் அப்பாவிடமிருந்து, சூ பாட்டியிடமிருந்து, சி அம்மாவிடமிருந்து. 'திருமதி சூ சி' என்று வெட்டினால் பாட்டியும் அம்மாவும் மட்டும் மிஞ்சுவார்கள்.

அப்துல் என்ற சொல்லையும் தனியாக வெட்டக் கூடாது. 'இன்னாரின் அடியான்' என்பதில் 'இன்னார்' இல்லாமல் நிற்கிற சொல் அது. அரபியில் 'அப்து' அடியான். 'அல்' அடுத்த சொல்லோடு சேர வேண்டியது. அப்துல் ரஹ்மானை 'மிஸ்டர் அப்துல்' என்பது 'திருவாளர் உடைய' என்பது போல. ஏ.பி.ஜே. அப்துல் கலாமில் 'ஜே' அப்பா ஜைனுலாப்தீன். அந்தப் பெயரைப் பிரித்தால் ஜைன் + அல் + ஆபிதீன், வணங்குவோரின் அணிகலன். ராமேஸ்வரத்து நாக்கில் ஒட்டி ஒரே சொல்லாகி, டெல்லியில் ஒற்றை எழுத்தாகி நின்றது.

ரஷ்யப் பெயரில் நடுத்துண்டு அப்பா. யூரி அலெக்ஸேயெவிச் ககாரின் அலெக்ஸேயின் மகன். வலென்டினா விளாதிமிரொவ்னா தெரெஷ்கோவா விளாதிமிரின் மகள். மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் குடும்பப் பெயரைத் தொடக் கூடாது, 'யூரி அலெக்ஸேயெவிச்' என்று முதல் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடும்பப் பெயரும் பெண்ணுக்கு ஈறு மாறும்: கணவர் இவனோவ், மனைவி இவனோவா. எழுத்துப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

ரஷ்யாவைச் சொல்லிவிட்டு ஸ்டாலினைச் சொல்லாமல் எப்படி. அந்தத் தலைவர் பிறப்பால் ஜுகாஷ்விலி. ஜார்ஜிய மொழியில் 'ஷ்விலி' என்றால் பிள்ளை. 'ஸ்தால்' என்ற எஃகிலிருந்து செய்த புனைபெயர் ஸ்டாலின். அவர் இறந்தது 1953 மார்ச் 5, மு.க. ஸ்டாலின் பிறந்தது அதே ஆண்டு மார்ச் 1. ஆக மு.க. ஸ்டாலின் என்பதைப் பிரித்தால் தாத்தா முத்துவேல், அப்பா கருணாநிதி, அப்புறம் எஃகு. வேறொருவரின் குடும்பப் பெயரையோ புனைபெயரையோ எடுத்து இயற்பெயராக வைப்பதில் தமிழர்களுக்குத் தயக்கமே கிடையாது. நேரு, காந்தி, லெனின், கென்னடி எல்லாம் நம் தெருவில் 'டேய்' போட்டுக் கூப்பிடும் பெயர்கள்.

பொருளும் எழுத்தும்

பெயரின் பொருளை மொழிபெயர்க்க முடியுமா? சூரியநாராயண சாஸ்திரி செய்து காட்டினார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். மால் + கலைஞர் சேரும்போது ல் ற் ஆகும். எனவே பரிதிமாற்கலைஞர். 'பரிதிமார்' என்று எழுதுபவர்கள் அதற்குள் இருக்கும் நாராயணனைத் தொலைத்துவிடுகிறார்கள். வேதாசலம் மறைமலை ஆனதும் இதே கணக்கு: வேதம் மறை, அசலம் மலை.

நட்சத்திர பாத எழுத்தில் பெயர் தேடுபவர்கள் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அந்த எழுத்துப் பட்டியல் வடமொழி நெடுங்கணக்குக்கு ஏற்றது. பூரத்துக்கு மோ, டா, டீ, டூ. அஸ்தத்துக்குப் பூ, ஷ, ண, ட. தமிழில் ட, ண, ர, ல முதலிய எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. அப்படியிருக்க டாவில் தொடங்கும் தமிழ்ப்பெயர் எங்கே கிடைக்கும்? கிடைக்காததால்தான் இணையப் பட்டியல்களில் பொருளே இல்லாத பெயர்கள் முளைத்து, பக்கத்தில் 'அழகிய ஒளி' என்று ஏதோ எழுதியிருக்கிறது. நம்ப வேண்டாம். ஒரு பெயர்ச்சொல்லின் வேரைக் காட்டாமல் பொருளை மட்டும் சொல்லும் பட்டியல் எதையும் நம்ப வேண்டாம். பர்மியர்களும் பிறந்த கிழமைக்கு ஏற்ப எழுத்து பார்ப்பார்கள். திங்களுக்குக் க வரிசை, வியாழனுக்குப் ப வரிசை. ஆனால் அது அவர்கள் மொழிக்குப் பொருந்துகிற வரிசை.

படிவத்தில் என்ன போடுவது

கதிர் என்று ஒருவர், அப்பா முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம், 'எம். கதிர்' என்றோ 'கதிர் எம்' என்றோ இருக்கும். பான் விண்ணப்பத்தில் மூன்று கட்டம், இனிஷியல் கூடாது, கடைசிப் பெயர் கட்டாயம். பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டம், சர்நேமைக் காலியாக விடலாம். மூன்று இடத்திலும் மூன்று விதமாக நிரப்பியிருப்பார். தொல்லை அங்கேதான் தொடங்கும்.

என் பரிந்துரை: எல்லாவற்றிலும் இனிஷியலை விரித்து, இயற்பெயர் கதிர், சர்நேம் முருகன். அப்பா பெயர் சர்நேம் அல்ல என்பது உண்மைதான், ஆனால் கட்டம் காலியாக இருப்பதைவிட இது குறைந்த தொல்லை. ஒற்றை எழுத்தை மட்டும் சர்நேமாகப் போடாதீர்கள். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று பல வெளிநாட்டு இணையதளங்கள் திருப்பி அனுப்பிவிடும். ஆங்கில 'எஸ்' என்பது சண்முகமா, சுந்தரமா, ஷாஜகானா என்று பிற்பாடு யாராலும் சொல்லவும் முடியாது.

சர்நேம் காலியாக இருந்தால் நடப்பது இது. அமெரிக்க விசா விண்ணப்பத்தில் அந்த ஒற்றைப் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போகும். முதற்பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' என்று போடச் சொல்வார்கள். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. விசாவில் அச்சாகி, அங்கிருந்து ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை என்று பரவி, அலுவலக மின்னஞ்சலில் 'ஹாய் ஃப்னு' என்று வந்து நிற்கும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாவில் நுழைவில்லை என்று அறிவித்தது. அப்பா பெயர் அடுத்த பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். இத்தகைய விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்தைக் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரிப்பதென்றால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே மறுவெளியீடு வாங்கிவிடுங்கள். விசா வந்த பிறகு என்றால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 இடம். முதல் வரியில் 5 இடம் ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் போக, பெயருக்கு மிஞ்சுவது 39. முதலில் சர்நேம், பிறகு இரண்டு '<' குறி, பிறகு இயற்பெயர். அந்த இரட்டைக் குறிதான் எல்லை. விமான நிலையத்துக் கணினி இதைத்தான் படிக்கிறது, மேலே அழகாக அச்சிட்டிருப்பதை அல்ல. டிக்கெட்டில் பெயரைச் சரிபார்க்கும்போது நீங்களும் இதைப் பார்த்தே எழுதுங்கள். போர்டிங் பாஸில் 'முருகன்/கதிர்எம்ஆர்' என்று ஒட்டி வந்தால் பயப்பட வேண்டாம். அந்த 'எம்ஆர்' மிஸ்டர்.

பான் எண்ணின் 10 இடங்களில் 4-ஆவது 'பி' என்றால் தனிநபர். 5-ஆவது உங்கள் கடைசிப் பெயரின் முதல் எழுத்து. விண்ணப்பித்தபோது கடைசிப் பெயராக எதைக் கொடுத்தீர்கள் என்பது மறந்திருந்தால் அந்த 5-ஆவது எழுத்தைப் பாருங்கள், 'எம்' என்றால் முருகன், 'கே' என்றால் கதிர். பிற்பாடு பெயரைத் திருத்தினாலும் எண் மாறாது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் திருத்தலாம் என்பதால் முதலில் பாஸ்போர்ட்டை முடிவு செய்துவிட்டு, அதன்படி ஆதாரைத் திருத்துவது நல்லது.

மலேசியத் தமிழர்களுக்கு 'ஏ/எல்', 'ஏ/பி' என்று நடுவில் வரும்; மலாயில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்'. சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ'. ஆளையும் அப்பாவையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும் நேர்மையான முறை இது, ஆனால் சாய்கோட்டைப் பல கணினிகள் ஏற்பதில்லை. கோடு போனால் 'ஏஎல்' என்பது யாரோ ஒருவர் பெயர் போல நடுவில் நிற்கும்.

குடும்பத்தோடு போகும்போது இன்னொன்று. கதிர் முருகன், மனைவி செல்வி தங்கராசு, மகள் யாழினி கதிர். ஒரே வீட்டில் மூன்று சர்நேம். குழந்தையோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் பயணித்தால் குடியேற்ற மேசையில் 'இது யார் குழந்தை?' என்று கேட்க நேரிடும். பெற்றோர் இருவர் பெயரும் ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அது விமானத்தின் வயிற்றில் இருக்கும்.